சாப்பிட்டுவிட்டு வந்த ஊர்

கொழும்புத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பிஸ்கட் பேணியைத் திறக்கச் சொன்னபோதே எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கப்பலில் அத்தனை நாளும் அந்தத் தகரப் பேணியை மடியை விட்டு இறக்காமல் வந்தவன் நான். திறந்து காட்டினேன். உள்ளே செம்மண். தங்கமோ அபினோ தட்டுப்படும் என்று நினைத்தாரோ என்னவோ, விரலை விட்டுக் கிண்டிப் பார்த்தார்.

"மலாயாவிலிருந்து மண்ணையா சுமந்துகொண்டு வருகிறாய்? இலங்கையில் மண்ணுக்குப் பஞ்சமா?" என்று இங்கிலீஷில் கேட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த மண்ணுக்குக் கீழேதான் என் கூட்டாளி கிடக்கிறான்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மூடியை அவரே போட்டு, நாலு பக்கமும் தட்டி இறுக்கி, இரண்டு கையாலும் பேணியை என்னிடம் தந்தார். நல்ல மனுஷர்தான். முதலிலேயே சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

கூட்டாளியின் பெயர் அருளம்பலம். யாழ்ப்பாணத்திலிருந்து சிரம்பானுக்குக் கிளார்க் வேலைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தவன். நான் சிரம்பானிலேயே பிறந்தவன், ரயிலில் கார்டு உத்தியோகம். யாழ்ப்பாணம் என்பது என் அப்பாவும் அம்மாவும் சண்டை பிடிக்கும்போது ஒருவர் மற்றவருடைய ஊரைத் திட்டுவதற்காக எடுக்கிற பெயர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் வந்தபோது நாங்கள் இருவரும் தொண்டர் படையில் சேர்ந்தோம். துப்பாக்கி தரவில்லை. காயப்பட்டவர்களைத் தூக்கும் கட்டிலைத் தந்தார்கள். முன்பக்கம் அவன், பின்பக்கம் நான். ஜொகூர்ப் பக்கம் பின்வாங்கி வரும்போது ஒரு ரப்பர்த் தோட்டத்தில் குண்டு விழுந்து அவன் போய்விட்டான். அங்கேயே ஒரு மரத்தடியில் நான் தோண்டிப் புதைத்தேன்.

போர் முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும் அவன் தாய்க்கு எழுதினேன். அவர் பதில் போட்டார்: "அவனைக் கடைசியாகக் கண்ட நீ வந்தால்தான் அந்தியேட்டி." செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை அது. அது முடிந்தால்தான் வீட்டுத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, கழியும். எனக்கோ கப்பலில் இடம் கிடைக்க மாதக்கணக்காயிற்று. அவர் காத்திருந்தார். நான் ரப்பர்த் தோட்டத்தைத் தேடிப் போய் ஒரு பேணி மண் அள்ளிக்கொண்டு புறப்பட்டேன்.

கொக்குவிலில் ரயிலை விட்டு இறங்கி, மருதனார்மடத்துக்கு பஸ் ஏறினேன். ஏறினேன் என்பதைவிடத் தள்ளினேன் என்பதே சரி. பெட்ரோல் பங்கீட்டில் அளந்து கொடுக்கிற பொருளாகிவிட்டதால் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். அந்தப் புகையில் வண்டி ஓடும் என்பது சாரதியின் நம்பிக்கை. வண்டிக்கு அந்த நம்பிக்கை இல்லை. மலாயாவில் ஜப்பான்காரன் எங்களைப் பாதை வெட்ட வைத்தான், பாலம் கட்ட வைத்தான், ஆனால் டிக்கட்டுக்குக் காசும் வாங்கிக்கொண்டு பஸ் தள்ள வைத்ததில்லை.

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தால், பக்கத்து ஆசனத்துப் பெரியவர் என் பேணியைக் கீழே இறக்கப் பார்க்கிறார். அவர் மடியில் ஒரு கத்தரிக்காய்ச் சாக்கு.

"தம்பி, உந்தப் பேணியைக் காலுக்கை வையுமன். நான் சாக்கை வைக்க."

"அதிலை கை வைக்காதேங்கோ" என்று கத்திவிட்டேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அது பேணியில்லை. அது அருளம்பலம்."

"எந்த அருளம்பலம்?"

"வள்ளியம்மையின்ரை மகன்."

பெரியவர் எழுந்து, தன் ஆசனத்தைத் துண்டால் தட்டி, பேணியை அதில் வைக்கச் சொன்னார். கத்தரிக்காயைத் தோளில் போட்டுக்கொண்டு மருதனார்மடச் சந்திவரைக்கும் நின்றபடியே வந்தார். வழியில் இன்னும் ஒருதரம் வண்டி நின்றபோது, "நீர் இரும், அவனோடை இரும்" என்று என்னை இருத்திவிட்டுத் தானே போய்த் தள்ளினார். கணபதிப்பிள்ளை என்று பெயராம். ஊர்ச் சங்கக்கடைக்கு அவர்தான் மனேச்சர். கூப்பனுக்கு அரிசி கொடுக்கிற கூட்டுறவுக் கடை அது. வாசிகசாலைக்கும் அவரே தலைவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மனேச்சர் அண்ணை.

வள்ளியம்மை மாமியின் வீட்டுப் படலையைத் திறந்து கொண்டுபோய் விட்டதும் அவர்தான். நான் கதறலை எதிர்பார்த்து நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். மெலிந்து, நெட்டையாக, வெள்ளைச் சேலையில் வந்தவர் பேணியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அது எவ்வளவு பாரம் என்று பார்க்கிறவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே கொண்டுபோய் விளக்கடியில் வைத்துவிட்டு வெளியே வந்து, "சாப்பிட்டியோ மோனை?" என்றார். நான்தான் அழுதேன்.

சாப்பாடு பிட்டு. அமெரிக்கன் மாவில் அவித்தது. கோதுமை மாவுக்கு இங்கே அதுதான் பெயர், மூட்டை அங்கிருந்து வருகிறதாம். மூட்டைத் துணியைக்கூட விடுவதில்லை. மாமியின் மகள் பூமணியின் பிள்ளை போட்டிருந்த சட்டையின் முதுகில் ஏதோ ஒரு அமெரிக்க ஊரின் பெயர் நீல எழுத்தில் பாதி அழிந்து கிடந்தது. அந்த ஊரிலும் சீனியை அளந்துதான் கொடுக்கிறார்களாம். அங்கேயும் திரும்பி வராத ஒரு பையனின் தாய் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே முதல் பிடியை வாயில் வைத்தேன்.

"சோறில்லையெண்டு குறை நினையாதை. இன்னும் மூண்டு நாளிலை சோறு. இண்டைக்கு உந்த மாவோடை சமாளி" என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார். குறையாவது! ஜப்பான் காலம் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்றவன் நான். அவித்த மரவள்ளி, சுட்ட மரவள்ளி, மரவள்ளி மாவில் ரொட்டி என்ற பெயரில் ஒரு செருப்பு. தேங்காய்ப்பூவும் கத்தரிக்காய்ப் பால்கறியுமாக வந்த அந்தப் பிட்டை நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துப் பூமணி அடுப்பை மறுபடி மூட்டினாள். தேத்தண்ணி வந்தது, கூடவே ஒரு துண்டு பனங்கட்டி. அப்படியே எடுத்துத் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கிவிட்டேன். பூமணி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். அது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் குடிக்க வேண்டியதாம். ஒரு துண்டு மூன்று பேணி தேத்தண்ணிக்கு வரவேண்டுமாம். நான் வீட்டின் நாள் முழுவதற்குமான இனிப்பை ஒரே மடக்கில் குடித்திருந்தேன்.

மறுநாள் காலை பூமணியின் கூப்பனை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்கு நானே போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மாவைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். "உதைத் திண்டு திண்டு வயிறு பசைச் சட்டியாப் போச்சு" என்றார் ஒருவர். எனக்கு வந்த கோபத்தில் மரவள்ளிப் பிரசங்கம் ஒன்று செய்தேன். "ஓம் தம்பி, ஓம்" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடி திட்டத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் குறை சொல்லும் உரிமையையும் கூப்பனில் வெட்டியிருந்தால் இங்கே கலகம் வந்திருக்கும்.

கூட்டம் குறைந்ததும் மனேச்சர் அண்ணை என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

"தம்பி, உமக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். வள்ளியம்மை நாளைக்கு மற்ற நாள் சோறு போடப் போறன் எண்டு நிக்கிறா. அது எங்காலை வந்த அரிசி தெரியுமோ?"

"கூப்பன் அரிசிதானே?"

"கூப்பன் அரிசிதான். ஆனா அவ திண்ணாத அரிசி. சண்டை முடிஞ்சுதெண்டு கேட்ட நாளிலையிருந்து தன்ரை பங்கைப் பானையிலை போட்டு வைச்சவ. மகன் மலாயாவிலையிருந்து வருவான், ஊரைக் கூப்பிட்டுச் சோறு குடுக்க வேணும் எண்டு. அவ ஒடியல் கூழைக் குடிச்சுக்கொண்டு கிடந்தவ. பேந்து உம்மடை கடிதம் வந்துது. அதுக்குப் பிறகும் விடேல்லை. வந்தா என்ன, செத்தா என்ன, அவன்ரை அரிசி அவன்ரை பேரிலைதான் போகவேணும் எண்டு நிக்கிறா."

பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் காய்ச்சுவது அந்தக் கூழ். ஒருநாள் குடித்தால் ருசி. மாதக்கணக்கில் குடித்தால் ஆள் எப்படி ஆகும் என்பதை நேற்று மாமியின் கையில் பார்த்திருந்தேன்.

"அந்த அரிசியை நாங்கள் எப்பிடித் தம்பி தின்னிறது? தொண்டைக்குள்ளை இறங்குமோ?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. ஊருக்குள் வீடு வீடாகச் சொல்லிவிட்டாராம்: எல்லோரும் போவது, கும்பிடுவது, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிவிடுவது. முதல் உலையோடே சமையல் நின்றால், மிச்ச அரிசி பானையில் அவளுக்கு மிஞ்சட்டும். கறியின் வாசத்தில் மனம் மாறாமல் இருக்க, வீட்டிலேயே வயிறு முட்டத் தின்றுவிட்டு வரச்சொல்லியும் உத்தரவு.

எனக்கு அது மிக நல்ல ஏற்பாடாகப் பட்டது. எவ்வளவு தங்கமான சனம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வாசிகசாலையில் அருளம்பலத்தின் படம் திறந்தார்கள். சிரம்பானில் என்னோடு நின்று எடுத்த படம்தான். என்னை வெட்டிவிட்டு அவனைப் பெருப்பித்திருந்தார்கள். தோளில் மட்டும் என் கை கிடந்தது. மனேச்சர் அண்ணை பேசினார். என்ன பேச்சு! எங்கள் சிங்கக்குட்டி பீரங்கிக்கு மார்பைக் காட்டினான், எதிரியின் சேனையைத் துவம்சம் செய்தான், தலைகள் பனங்காய்போல உருண்டன என்றெல்லாம் வெளுத்து வாங்கினார். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அந்தத் தலைகளையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய் ஒட்டவைப்பது? "அவன் நல்ல தைரியசாலி" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாமி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மறையாமல் சொல்லு. அவன் ஆரையும் சுட்டவனோ?"

"இல்லை மாமி. எங்களிட்டைத் துவக்கே இல்லை. காயப்பட்ட ஆக்களைத் தூக்கினவன்."

"எல்லாரையுமோ?"

"ஆரெண்டு பாக்கிறேல்லை. கடைசியாத் தூக்கினது ஒரு வெள்ளைக்காரப் பொடியனை. அவன் தப்பியிட்டான்."

"அப்ப நல்லது" என்றார். இரண்டுதரம் சொன்னார். பிறகு, "ஊரிலை சிலபேர் கதைக்கினம் தம்பி. உடம்பும் இல்லை, எலும்பும் இல்லை, முப்பத்தொண்டும் எப்பவோ கழிஞ்சு போச்சு, உந்த அந்தியேட்டி செல்லுமோ எண்டு. செல்லும்தானே?" என்றார்.

மலாயாக்காரனான எனக்கு என்ன தெரியும்? "செல்லும் மாமி" என்று அடித்துச் சொன்னேன்.

அடுத்த நாள் கீரிமலை. கடலுக்கு நாலு எட்டுத் தள்ளி நல்ல தண்ணீர்க் கேணி. இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் தித்திப்பு. அதிசயம்தான். ஆனால் பார்த்து ரசிக்கிற நிலையில் நான் இல்லை. பூமணியின் புருஷன் கிரியை செய்தார். குருக்கள் சொல்லிக்கொடுத்தபடி பிஸ்கட் பேணியை மார்போடு ஏந்திக்கொண்டு இடுப்பளவு கடலில் இறங்கினார். கொட்டிய செம்மண் தண்ணீரில் கலங்கிச் சிவக்க, அலை ஒன்று வந்து கலைத்துக்கொண்டு போயிற்று. நான் அந்த மண்ணைக் கையால் தோண்டியவன். போய்வாடா என்று சத்தமாகவே சொன்னேன். கரையில் மாமி அழவில்லை. நாளைக்குச் சாமான் எல்லாம் வந்துவிட்டதா என்று பூமணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனம் முழுக்க அந்தப் பந்தியில் இருந்தது.

அந்த நாளும் வந்தது. முற்றத்தில் கிடுகுப் பந்தல். விடியற்காலையிலிருந்து மாமியும் பூமணியும் உறவுப் பெண்கள் இரண்டு பேரும் அடுப்படியில். கத்தரிக்காய், பூசணி, வாழைக்காய், பயற்றங்காய், பருப்பு, முருங்கைக்கீரை, ரசம், மோர், பாயாசம். சோறு ஆவி பறக்கக் கிடாரத்தில் வெந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியபோது நான் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன். வெந்த அரிசியின் வாசத்தை அத்தனை கிட்டத்தில் முகர்ந்து எத்தனை காலம்!

ஊர் திரண்டு வந்தது. ஒருவர் பாக்கியில்லை. படத்துக்கு முன்னால் கும்பிட்டார்கள், விபூதி எடுத்தார்கள். பந்தலில் பாய் விரித்து வாழையிலை போட்டாயிற்று. பூமணியின் புருஷன் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, "வாருங்கோ, இருங்கோ" என்று கூப்பிட்டார். அப்போது தொடங்கியது நாடகம்.

"எனக்கு இண்டைக்கு விரதம்" என்றார் ஒருவர். "வயித்துக்குள்ளை ஒரு பிரட்டல்" என்றார் அடுத்தவர். "வைத்தியர் சோறு வேண்டாமெண்டவர்" என்றார் மூன்றாமவர், இரண்டு நாளைக்கு முன்தான் சங்கக்கடையில் சோறு கிடைக்கவில்லை என்று மாவைத் திட்டியவர். மனேச்சர் அண்ணை ஒரு பேணி தண்ணீரை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "எனக்கு இது காணும்" என்று வாயைத் துடைத்தார். எல்லாம் திட்டப்படி அழகாக நடந்தது. போட்ட இலையில் ஒருவரும் இருக்கவில்லை.

குசினி வாசலில் மாமி வந்து நின்றார். கையில் சோற்றுச் சருவம். விரித்த பாயைப் பார்த்தார், வெறும் இலைகளைப் பார்த்தார், எழும்பி நிற்கிற சனத்தைப் பார்த்தார். முகம் செத்துப் போயிற்று.

"அப்ப உங்களுக்கு என்ரை பிள்ளையின்ரை துடக்குப் போகேல்லை" என்றார். குரல் பெரிதாக இல்லை. "உடம்பில்லாமல் செய்த அந்தியேட்டி செல்லாதெண்டுதானே ஒருத்தரும் கை நனைக்கிறியளில்லை? அதை என்ரை முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாமே?"

அப்போதுதான் எனக்கு உச்சந்தலையில் அடித்ததுபோல விளங்கிற்று. இந்த ஊரில் ஒரு வீட்டில் சாப்பிடாமல் எழும்புவதென்றால் அந்த வீட்டோடு உறவு இல்லை என்று பறை அறைவதற்குச் சமம். அதுவும் அந்தியேட்டி வீட்டில். ஊர் உட்கார்ந்து உண்டால்தான் கிரியை செல்லும், செத்தவன் கரையேறுவான். இதெல்லாம் அந்தச் சனத்துக்குத் தெரியாதா? தெரியும். இரக்கம் வந்து அறிவை மறைத்துவிட்டது. இப்போது உண்மையைச் சொல்லித் தப்பலாமென்றால் அது அதைவிடக் கேடு. "நீ பட்டினி கிடந்து சேர்த்த அரிசி, அதுதான் வேண்டாமென்றோம்" என்று சபையில் வைத்து எவன் சொல்வான்? சொன்னால் அந்த மனுஷி உயிரோடு இருப்பாரா? மனேச்சர் அண்ணை துண்டைப் பிசைந்தார்.

நான் போய் முதல் இலையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தேன்.

"எனக்குப் போடுங்கோ மாமி."

அவர் அசையவில்லை. "நீ தின்னுவாய் மோனை, எனக்குத் தெரியும். நீ வெளியூராள். ஊர் தின்ன வேணும்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! யார் மேல் என்று தெரியாத கோபம். அவர் மேல், ஊர் மேல், அந்த ரப்பர்த் தோட்டத்தின் மேல். பூமணியைக் கூப்பிட்டுச் சோறு போடச் சொன்னேன். பருப்பை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டேன். சோறு! தொண்டைக்குள் இறங்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. வாயில் சோற்றோடே பேசத் தொடங்கினேன்.

"மனேச்சர் அண்ணை, ஒரு கதை கேளுங்கோ. பின்வாங்கி வரேக்கை எங்களுக்குச் சாப்பாடில்லை. ஆளுக்கு ரெண்டு பிஸ்கற். அதைக் கையிலை வைச்சுக்கொண்டு அருளம்பலம் என்ன செய்வான் தெரியுமோ? ஊரிலை பந்தி வைப்பான். சண்டை முடிஞ்சு வீட்டை போனா அம்மா ஊருக்குச் சோறு போடுவா, நீயும் வா எண்டுவான். ஆர் ஆர் எங்கை இருக்கிறதெண்டும் சொல்லுவான். விரதமெண்டு நிக்கிறவர், உங்களைத்தான் ஐயா, சின்னத்துரையர் எண்டால் நீங்கள்தானே? நீங்கள் பூசணிக்காய் பிடியாமல் அதை வைச்ச இடத்தை விட்டுச் சோத்தைத் தள்ளித் தள்ளி வைப்பியளாம். மனேச்சர் அண்ணை முதல் பந்தியிலை முதல் இலையாம். ரசத்தைக் கையிலை ஏந்தி மூண்டுதரம் வாங்கிக் குடிப்பாராம். குடிச்சிட்டு ஆவெண்டு ஒரு சத்தம் போடுவாராம், றோட்டாலை போற மாடு வெருளுமாம். நாங்கள் குண்டுச் சத்தத்துக்கை கிடந்து சிரிச்சனாங்கள். அவன் கூப்பிட்ட பந்தி இது. நான் அந்த முதல் இலையிலை வந்து இருந்திட்டன். இது உங்கடை இடம். வந்து என்னை எழுப்புங்கோ."

ஒரு சொல்லும் நான் சேர்த்துச் சொன்னதில்லை. அத்தனையும் அவன் சொன்னதே.

மனேச்சர் அண்ணையின் தாடை ஆடியது. "அந்தப் பொடியன் அப்பிடிச் சொன்னவனோ? மாடு வெருளுமெண்டு?" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நேரே வந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "எழும்படா. அங்காலை தள்ளி இரு. வள்ளியம்மை, எனக்குப் போடு!"

அவர் உட்கார்ந்த சத்தம் அடங்கமுன் பாய் நிறைந்துவிட்டது. விரதம் முறிந்தது, வயிற்றுப் பிரட்டல் பறந்தது, வைத்தியர் சொல் காற்றோடு போயிற்று. சின்னத்துரையர் இடம் பிடிக்க இரண்டு பேரை இடித்துக்கொண்டு வந்தார். மாமி சருவத்தோடு வந்து மனேச்சர் அண்ணையின் இலையில் முதல் அகப்பைச் சோற்றைப் பார்த்துப் பார்த்து வைத்தார். இரண்டாவது அகப்பையைக் குவித்து வைத்தார்.

இனித்தான் வேடிக்கை. அத்தனை பேரும் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தவர்கள்! மனேச்சர் அண்ணை தன் உத்தரவுக்குத் தானே முன்மாதிரியாக இருந்து மூன்று குழல் பிட்டும் ஐந்து வாழைப்பழமும் ஏற்றியிருந்தார். இப்போது இலையில் மலைபோலச் சோறு. மிச்சம் வைக்க முடியுமா? மிச்சம் வைத்தால் மறுபடி அதே குற்றம். தின்றார்கள். வியர்க்க வியர்க்க, வேட்டியைத் தளர்த்தித் தளர்த்தித் தின்றார்கள். மாமியோ இரக்கமில்லாமல் போட்டார். "காணும் வள்ளியம்மை, காணும் பிள்ளை" என்று கையை விரித்து மறித்தவர்களின் விரலுக்கு மேலேயே பருப்பை ஊற்றினார்.

"ஏன் அண்ணை தடக்குப்படுகிறியள்? கறி சரியில்லையோ?"

"அமிர்தம், அமிர்தம்" என்று முழி பிதுங்கினார் மனேச்சர் அண்ணை.

ரசம் வந்தது. அவர் கையை ஏந்தினார். ஒருதரம், இரண்டுதரம். மூன்றாம்தரம் ஏந்துவாரா என்று பந்தல் முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏந்தினார். குடித்தார். அந்த "ஆ" வந்ததே, வேலியில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. மாமி வாய்விட்டுச் சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பூமணி ஓடி வந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமோ.

பெண்களின் பந்தியில் மாமியை நடுவில் இருத்தினார்கள். நானே பரிமாறினேன். ரயில்வே கார்டு பரிமாறினால் எப்படி இருக்கும்? பாயாசத்தைச் சோற்றின் மேல் ஊற்றி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாமி முதல் பிடிச் சோற்றை எடுத்து, வாயருகே கொண்டுபோய்க் கொஞ்சம் நிறுத்தி, பிறகு சாப்பிட்டார். சாப்பிட்டு முடியும்வரை தலை நிமிரவில்லை. நன்றாகச் சாப்பிட்டார். கிடாரத்தில் அகப்பை அடி சுரண்டுகிற சத்தம் கேட்டபோது, சண்டையில் ஜெயித்தது யார் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

வெயில் சாய, சனம் எழும்பத் தொடங்கிற்று. எழும்ப முடிந்தவர்கள் எழும்பினார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை. கும்பிட்டுவிட்டுப் பேசாமல் இறங்கிவிடுவதுதான் முறை. போய்விட்டு வருகிறேன் என்று துக்க வீட்டில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கடிதம் வந்த நாளிலிருந்து மாமியின் முற்றத்தைத் தாண்டிப் போன அத்தனை பேரும் அப்படித்தான் வாய் திறக்காமல் போயிருந்தார்கள்.

மனேச்சர் அண்ணை வயிற்றைத் தாங்கிக்கொண்டு படலைவரை போனார். படலையில் நின்று திரும்பினார். முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, சந்தைக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னார்:

"போட்டு வாறன் வள்ளியம்மை!"

மாமி தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு முற்றத்தில் இறங்கிப் படலையடிக்கு வந்தார்.

"ஓம் அண்ணை. வாருங்கோ."

"போட்டு வாறம் அக்கா" என்றார்கள் அடுத்து வந்தவர்கள். "போட்டு வாறன் பிள்ளை" என்றார் சின்னத்துரையர். ஒவ்வொருவரும் நின்று, முகம் பார்த்து, சொல்லிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் மறுமொழி சொன்னார். "ஓம், வாருங்கோ. கட்டாயம் வாருங்கோ." சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

"காணும் அம்மா, உள்ளுக்கை வந்து இருங்கோ" என்று பூமணி கூப்பிட்டாள்.

"பொறு மோனை, இன்னும் ஆக்கள் நிக்கினம்" என்று மாமி படலையைப் பிடித்தபடியே நின்றார்.